முதல் வீடுகளுக்குப் போகாத செய்தி

மேடையில் வீற்றிருக்கும் மேயர் அவர்களே, எங்கள் ஆற்று எச்சரிக்கை அலுவலகத்தின் தலைவர் திரு. ரஸ்ஸல் க்ராண்டல் அவர்களே, மீட்புப் படைத் தன்னார்வலர்களே, முன்வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் திருமதி லொரெய்ன் ஹாலிகன் அவர்களே, இந்த பௌலிங் கிளப் கூடம் கொள்ளாமல் தேநீர் மேசை வரைக்கும் நின்றுகொண்டிருக்கும் டன்ஸ்டன் ஊர்ப் பெருமக்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் டாம்சின் ரோக். மறைந்த மூத்த நிரலாளர் திரு. டெஸ்மண்ட் ஹாலிகன் அவர்களுக்கு எதிர் மேசையில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். நான் மேடை ஏறியதிலிருந்து நீங்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்க்கிறீர்கள். இரங்கல் கூட்டத்துக்கு, அதுவும் இந்த மார்ச் மாதப் புழுக்கத்தில், பழுப்பும் மஞ்சளுமாய் ஒரு கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளே, இவளுக்கு மரியாதை தெரியாதா என்று நினைக்கிறீர்கள். தெரியாதுதான். தெரிந்திருந்தால் இந்தக் கூட்டமே நடந்திருக்காது. குல்லாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆற்றுச் சேறு நாறுகிறது என்றால் முன்வரிசைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் பொறுத்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மேயர் அவர்கள் சற்று முன் அழகாகப் பேசினார்கள். வெள்ளத்தில் வண்டி ஓட்டாதீர்கள் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம், சொல்கிற அலுவலகத்திலேயே இருந்தவர் அதை மறந்தது நமக்கெல்லாம் ஒரு பாடமாகட்டும் என்றார்கள். கூடத்தில் பாதிப்பேர் தலையாட்டினீர்கள். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதியது. மூன்று வாரமாக டெஸ்மண்டின் மனைவி லொரெய்ன் பேக்கரிக்குள் நுழைந்தால் அங்கே பேச்சு நின்றுபோகிறது. படகை அவிழ்க்கப் போனாராம் என்கிறார் ஒருவர். வேடிக்கை பார்க்கப் போனாராம் என்கிறார் இன்னொருவர். ஊரே சேர்ந்து ஒரு தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்: டெஸ் ஹாலிகன் ஒரு மடையன்.

அவர் மடையனா, இல்லையா? அதைப் பற்றி மட்டும்தான் பேச வந்திருக்கிறேன்.

திரு. க்ராண்டல் அவர்கள் நான் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோ இருக்கிறது. ‘அன்பான சக ஊழியர். நகைச்சுவை உணர்வு மிக்கவர். புதிய மொழிகளை ஆர்வத்துடன் கற்றவர்.’ மூன்றே வரி. மூன்றும் பொய். டெஸ் அன்பானவர் இல்லை. பீட்ரூட் சாண்ட்விச்சை விசைப்பலகை மேல் வைத்துத் தின்பார், சொன்னால் முறைப்பார். எந்த ஆண்டு ஆறு எத்தனை மீட்டர் ஏறியது என்று கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லி அறுப்பார். நகைச்சுவை அவரிடம் இருந்ததில்லை. எங்களுக்கு அவர்தான் நகைச்சுவையாக இருந்தார். புதிய மொழியை அவர் ஆர்வத்துடன் கற்கவும் இல்லை. அறுபது வயதில் வேறு வழியில்லாமல் கற்றார்.

எங்கள் பிழைப்பு எப்படிப்பட்டது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஆற்று மட்டத்தைக் கணக்கிடும் நிரல் ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் இருக்கிறது. உங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் பைத்தானில் இருக்கிறது. நீங்கள் கைப்பேசியில் திறந்து பார்க்கும் பக்கம் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. காலையில் ஒரு மொழி, மதியம் ஒரு மொழி, மாலையில் ஒரு மொழி. ஒன்றில் ஒவ்வொரு பகுதியையும் ‘எண்ட்’ என்று எழுதி மூட வேண்டும். இன்னொன்றில் அதை எழுதினால் கணினி திட்டும், உள்ளே தள்ளி எழுதினாலே போதும். மூன்றாவதில் வரிக்கு வரி அரைப்புள்ளி. ஒன்றுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். மற்றதற்கு அவை இரண்டு வெவ்வேறு ஆட்கள். மூளை மாறிவிடும், கை மாறாது. மதியம் மூன்று மணிக்குக் கை காலை மொழியையே எழுதிக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் இது நடக்காத ஆளே கிடையாது.

அதற்காகத்தான் இந்தக் குல்லா. பதினோரு ஆண்டாகத் தோற்றுக்கொண்டே இருக்கும் நம் ஊர்க் கால்பந்து அணியின் குல்லா. ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொரு மொழியில் கொண்டுவந்து வைத்தவர் அன்று மாலை வரை இதைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். அதோடு ஒரு சட்டமும் உண்டு. குல்லா போட்டிருப்பவர் அடுத்தவர் எழுதிய நிரலைப் பற்றி அன்று வாய் திறக்கக் கூடாது. திறந்தாலும் அது செல்லாது. இன்னும் வேறு மொழியிலேயே இருக்கிற தலை எதைச் சரிபார்க்கும் என்பது நியாயம். குல்லாவை வாங்கி வந்தது நான். சட்டத்தைப் போட்டதும் நான்.

நான் அதை நான்கு முறை போட்டிருக்கிறேன். திரு. க்ராண்டல் போட்டதே இல்லை, ஏனென்றால் அவர் எந்த மொழியிலும் எதையும் எழுதுவதில்லை. டெஸ் நூற்று அறுபத்து மூன்று நாள் போட்டார். சுவரில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தோம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே மொழியில் எழுதிய கை அது. பைத்தானில் போய் ‘எண்ட்’ என்று எழுதும். பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் கலந்துகட்டி எழுதும். எல்லாவற்றையும்விட ஒரு பழக்கம் அவரை விடவே இல்லை. ஃபோர்ட்ரானில் ஒரு பட்டியலின் முதல் ஆள் ஒன்று. பைத்தானில் முதல் ஆள் பூஜ்யம், இரண்டாவது ஆள்தான் ஒன்று. டெஸ் எப்போதும் ஒன்றிலிருந்தே எண்ணுவார். ‘இங்கே பூஜ்யம்’ என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி அவர் திரையின் மேல் நான் ஒட்டினேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் அதை அவருடைய பெயர்ப்பலகை என்று நினைத்துச் சிரிப்பார்கள். அவர் அதைக் கிழிக்கவில்லை. தினமும் காலையில் அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்காருவார். அவருக்கு அது உண்மையாகவே உதவியாக இருந்ததாம். இதைவிடக் கேவலமாக ஒருத்தியைத் தண்டிக்க முடியுமா?

இப்போது என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

டெஸ் தன் இளமையில் ஒரு காரியம் செய்திருந்தார். அளவுகோலும் மட்டக்கருவியும் எடுத்துக்கொண்டு இந்த ஊரின் ஆற்றோரத் தெருக்கள் பதினொன்றிலும் வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டுத் தரை எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். தெருவுக்கு ஒரு பட்டியல். பட்டியலில் முதலில் இருப்பது இருப்பதிலேயே தாழ்வான வீடு. தண்ணீர் முதலில் நுழையும் வீட்டுக்குச் செய்தியும் முதலில் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தப் பழைய நிரல் பத்தொன்பது ஆண்டுகள் தானாகவே உங்கள் தொலைபேசிகளுக்கு அடித்தது. ஒரு வீட்டைக்கூட விட்டதில்லை.

அதைப் போன ஆண்டு பைத்தானுக்கு மாற்றியவள் நான். மூன்று வாரம் அவருடைய ஃபோர்ட்ரானை வரிவரியாகப் படித்தேன். படிக்கப் படிக்கத் திட்டினேன். மூன்று வாரம் ஒரு மொழிக்குள்ளேயே குடியிருந்தால் என்ன ஆகும்? கை ஒட்டிக்கொள்ளும். நான் எழுதிய புதிய நிரலில், ஒவ்வொரு தெருப் பட்டியலையும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கு என்று எழுதியிருந்தேன்.

நம் மருத்துவமனை மின்தூக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று என்று அழுத்தினால் எங்கே போகும்? தரைத்தளத்தில் கதவே திறக்காது, நேராக மேலே போய்விடும். என் நிரலும் அதைத்தான் செய்தது. ஒவ்வொரு தெருவிலும் முதல் வீட்டை விட்டுவிட்டு இரண்டாவது வீட்டிலிருந்து செய்தி அனுப்பியது. பதினோரு தெரு, பதினோரு வீடு. இருப்பதிலேயே தாழ்வான பதினோரு வீடு.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சோதித்தோம். அலுவலகப் பெயர்களை வைத்து ஒரு பட்டியல் போட்டோம். தலைவர் என்பதால் முதல் பெயர் திரு. க்ராண்டல். அவருக்கு மட்டும் செய்தி போகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை மதியம், கோல்ஃப் ஆடப் போனால் அவர் கைப்பேசியை அணைத்துவிடுவார், அதனால் செய்தி வராதது அவருக்கும் தெரியவில்லை, வந்ததா என்று நாங்களும் கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் வந்துவிட்டது. கை தட்டினோம். கேக் வெட்டினோம்.

ஆகஸ்ட் மாதம் ஊர் முழுக்க ஒத்திகை நடந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ஒத்திகைச் செய்தி வரவில்லையே என்று வருத்தப்பட்டுப் புகார் கொடுக்கிறவர் உலகத்தில் உண்டா? ஒரே ஒருவர் கொடுத்தார். ஃபெர்ரி தெருவின் முதல் வீட்டுக்காரர், திரு. டெஸ்மண்ட் ஹாலிகன். மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார். வந்தபோது அவர் தலையில் குல்லா இருந்தது. எட்டரை மணிக்கே ‘எண்ட்’ எழுதி மாட்டிக்கொண்டிருந்தார்.

“டாம்சின், நேத்து ஒத்திகையில எனக்கு மெசேஜ் வரலம்மா” என்றார்.

ஃபோனை ஆன் பண்ணி வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். வைத்திருந்தாராம்.

“கரும்புத் தோட்டத்துத் தெரு முதல் வீட்டு ஜினோவுக்கும் வரல. நேர்ல போயிக் கேட்டுட்டேன். உன் லிஸ்ட்டு ஒண்ணுலேருந்து எண்ணுது. முதல் வீட்ட விட்டுடுது.”

அலுவலகமே சிரித்தது. நூற்றுக்கணக்கான முறை ஒன்றிலிருந்து எண்ணி மாட்டிக்கொண்டவர், குல்லாவைப் போட்டுக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து நீ ஒன்றிலிருந்து எண்ணுகிறாய் என்கிறார்! நான் நாற்காலியைத் திருப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“ஒண்ணுலேருந்து எண்றது உங்க வியாதி டெஸ். அத என் தலையில கட்டாதீங்க. குல்லா வேற போட்டிருக்கீங்க, இன்னைக்கு உங்க பேச்சு செல்லாது.”

என் கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்க்க எனக்கு இரண்டு விநாடி போதும். திறக்கவில்லை.

மறுநாள் குல்லா இல்லாமல் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். விடுவோமா? அந்த வாரம் ஐந்து நாளும் அவர் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அவருடைய முந்தைய நாள் வரிகளில் குற்றம் தேடிக் கண்டுபிடித்தோம். ஐந்து நாளும் குல்லா. திரு. க்ராண்டலுக்கு எழுத்தில் கொடுத்தார். நிரல் சான்றளிக்கப்பட்டுவிட்டது, சந்தேகம் இருந்தால் டாம்சினிடம் கேட்கவும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் கோப்பைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. அடங்கிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. மேலே மலையில் மூன்று நாள் மழை. மதியம் ஒன்று இருபதுக்கு ஆறு அபாய அளவைத் தொட்டது. என் நிரல் ஓடியது. சுவரில் இருக்கும் பெரிய திரையில் பச்சை எழுத்து வந்தது: அனுப்பப்பட்டவை 1,214. தோல்வி 0. திரு. க்ராண்டல் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

எதிர் மேசையில் டெஸ் தன் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. எழுந்து நின்றார். அன்றைக்கும் தலையில் குல்லா.

“முதல் வீடுங்களுக்குப் போகல” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தலையைத் தொட்டுக் காட்டினேன். “குல்லா, டெஸ்” என்றேன். இரண்டே சொல். நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் என்னிடம் வாதாடவில்லை. திரு. க்ராண்டலிடம் போய் மற்றப் பத்து வீடுகளின் தொலைபேசி எண்களைக் கேட்டார். “ஆளுங்க நம்பரையெல்லாம் அப்படி எடுத்து நீட்ட முடியாது டெஸ். அதுக்குன்னு ஒரு ஃபாரம் இருக்கு, நெரப்பிக் குடு” என்றார் தலைவர். இங்கே மேடையில்தான் இருக்கிறார். நான் சொல்வது தவறென்றால் எழுந்து மறுக்கலாம்.

மறுக்கவில்லை. நல்லது.

டெஸ் தன் வீட்டுக்கு ஒரு அழைப்புப் போட்டார். பூனையைத் தூக்கிக்கொண்டு இப்போதே மேட்டுக்குப் போ என்று லொரெய்னிடம் சொன்னார். பிறகு அந்தக் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மேசையில், என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இது இங்கயே கெடக்கட்டும். இதுல உன் மெசேஜ் வந்துதுன்னா, நான் மடையன்னு ஊருக்கே சொல்லு” என்றார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். குல்லாவைக் கழற்றவில்லை. மாலை வரை கழற்றக் கூடாது என்பது சட்டம் அல்லவா? அவர் சட்டத்தை மதிக்கிற மனிதர்.

அவருக்கு முகவரிப் பட்டியல் எதற்கு? அந்தப் பதினோரு வீட்டின் தரையையும் தன் கையால் அளந்தவர். எது எந்தத் தெருவின் முதல் வீடு என்று ஊரில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவை விடுபட்டிருக்கின்றன என்று தெரிந்த ஒரே ஆளும் அவர்தான். பெருமக்களே, அவர் படகை அவிழ்க்கப் போகவில்லை. வேடிக்கை பார்க்கப் போகவில்லை. நான் விட்ட வீடுகளை எண்ணப் போனார்.

மூன்றாவது வரிசையில் திரு. ஜினோ பரோனி உட்கார்ந்திருக்கிறார். கரும்புத் தோட்டத்துத் தெருவின் முதல் வீடு அவருடையது. அன்று அவர் கொட்டகையில் டிராக்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு காரில் போவதைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போகிறார்கள் என்று நினைத்தாராம். டெஸ் வந்து இறங்கி, சீக்கிரம் வண்டியில் ஏறு என்றபோது ஜினோ நம்பவில்லை. மெசேஜ் எதுவும் வரவில்லையே என்று கைப்பேசியைக் காட்டியிருக்கிறார். அதற்கு டெஸ் சொன்ன பதிலை ஜினோ நேற்று என்னிடம் சொன்னார்.

“உனக்கு மெசேஜ் வராது ஜினோ. நான்தான் மெசேஜ். கெளம்பு.”

ஒன்பது வீடுகளில் அப்படிக் கதவைத் தட்டினார். பதினான்கு பேர். அவர்களில் ஒருத்தி பிரசவமாகிப் பத்து நாள் ஆனவள். ஆற்று எச்சரிக்கை அலுவலகத்தின் பெயரால் ஒரு குல்லா போட்ட ஆள் வந்து தட்டினார் என்று அந்தப் பதினான்கு பேருக்கும் தெரியும். விடுபட்டவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள், பிறகு அவர் ஏன் வெள்ளத்துக்குள் போனார் என்று அவர்களுக்கும் தெரியாது. ஒன்பது வீட்டையும் வரிசையாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அந்தக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடித்துவிடும் என்று காத்திருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. இரண்டு மணிக்கு மேல் என் கோப்பைத் திறந்தேன். நாற்பத்து மூன்றாவது வரியில் அந்த ஒன்று இருந்தது.

திரு. க்ராண்டலிடம் காட்டினேன். “ஓடுறப்ப அதுல கை வெக்காத” என்றார். சரி என்றேன். பட்டியலைத் திறந்து, முதல் வீட்டு எண்களுக்கு நானே கையால் அடித்தேன். எந்தப் படிவமும் தேவைப்படவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எடுத்த ஒவ்வொருவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். டெஸ் வந்து சொல்லிவிட்டார், நாங்கள் மேட்டில் இருக்கிறோம். ஒன்பது முறை அதைக் கேட்டேன். ஃபெர்ரி தெருவின் எண் என் மேசைமேல் இருந்தது, அதை விட்டேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வீடு. வியர் சந்தின் முதல் வீடு, பென்ஃபோல்ட் குடும்பம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பென்ஃபோல்ட் வீட்டில் எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

“அவங்க ஜனவரியிலேயே ப்ரிஸ்பேனுக்குக் குடிபோயிட்டாங்களே” என்றார் திரு. க்ராண்டல். “லிஸ்ட்லேருந்து எடுக்கச் சொல்லி எனக்கு மெயில் வந்துது.”

வியர் சந்துக்குப் போக ஒரே வழி தரைப்பாலம். மணி இரண்டு இருபத்தைந்து. ஆள் இல்லாத வீட்டுக்காக டெஸ் அந்தத் தரைப்பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் அவசர அவசரமாக அவர் எண்ணை அழுத்தினேன்.

என் மேசையில் இருந்த கைப்பேசி அடித்தது.

அன்று மதியம் அது அடித்தது அந்த ஒரு முறைதான். நான் அதை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு காதிலும் இரண்டு ஃபோனை வைத்துக்கொண்டு நின்றேன்.

மீட்புப் படைத் தோழர்கள் இரண்டு நாள் கழித்து அவரைக் கரும்பு ஏற்றிச் செல்லும் ரயில் பாலத்தடியில் கண்டெடுத்தார்கள். காதுவரை இழுத்துவிட்ட குல்லா தலையிலேயே இருந்தது. அலுவலகச் சொத்து என்று நினைத்து அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். திரு. க்ராண்டல் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார். நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகாவது பேசினேனா? இல்லை. செத்தவருக்கு இனி என்ன ஆகப்போகிறது, ஊர் நம்மேல் நம்பிக்கை இழந்தால் அடுத்த வெள்ளத்தில் ஒருவரும் நகர மாட்டார்கள் என்று தலைவர் சொன்னார். எனக்கு அது வசதியாக இருந்தது. ஒப்புக்கொண்டேன். இன்னும் கேளுங்கள். அந்த ஒன்றை நான் திருத்தவும் இல்லை. திருத்தினால் யார், எப்போது, எதற்காகத் திருத்தினார்கள் என்று பதிவேட்டில் விழும். அதற்குப் பயந்து மூன்று வாரம் அப்படியே விட்டுவைத்தேன். நடுவில் இரண்டு முறை மழை பெய்தது. அந்த இரண்டு முறையும், ஜினோ, உங்கள் வீட்டுக்குச் செய்தி அனுப்பாத நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் மேட்டு வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மேயர் அவர்களே, பாடமாகட்டும் என்றீர்களே, யாருக்கு? அறுபத்து மூன்று வயதில், முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கத்தை விரல் விரலாக விட்டொழிக்கப் போராடி, தினமும் அதற்காகக் கேலிக்கு ஆளான மனிதர், தன் பிழை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்ததால்தான் என் பிழையைக் கண்டுபிடித்தார். நூற்று அறுபத்து மூன்று நாள் அவர் செய்த தவறுகளால் யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை, கணினியோ நாங்களோ அங்கேயே திட்டிவிட்டோம். என்னுடைய அந்த ஒரு தவறைக் கணினி திட்டவில்லை. டெஸ் திட்டினார். அவருக்கு நாங்கள் குல்லா மாட்டினோம்.

இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு சாண்ட்விச் சாப்பிடப் போவோம். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள். இன்று காலை எட்டு மணிக்கு, நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது. அதுவரை நான் ஊழியைதான், அதனால் எட்டே முக்காலுக்கு நாற்பத்து மூன்றாவது வரியில் ஒன்றை அழித்துப் பூஜ்யம் வைத்தேன். யார் கண்டுபிடித்த பிழை என்ற இடத்தில் டெஸ்மண்ட் ஹாலிகன் என்று எழுதினேன். யார் செய்த பிழை என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பென்ஃபோல்ட் பெயரை எடுத்துவிட்டேன். பதினோரு தெருவையும் மறுபடி அளக்க வேண்டும், புதிய வீடுகள் வந்துவிட்டன. வேலை போனாலும் அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு நான் வருவேன். கதவைத் திறப்பதும் முகத்தில் அறைவதும் உங்கள் விருப்பம்.

எங்கள் சட்டப்படி குல்லா போட்டிருப்பவரின் பேச்சு இன்று மாலை வரை செல்லாது. ஆகவே திரு. க்ராண்டல் அவர்கள் வெளியே போய் இவள் சொன்னது செல்லாது என்று சொல்லலாம். எங்கள் அலுவலகத்தில் அதை நம்புவார்கள். நம்பிப் பழகியவர்கள்.

கடைசியாக ஒன்று. திருத்திய நிரல் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒன்பது மணிக்கு, முன்பு விடுபட்டிருந்த வீடுகளுக்கு மட்டும் ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். பத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஃபெர்ரி தெருவின் முதல் வீட்டுக்கு இன்னும் டெஸ்ஸின் எண்தான் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கைப்பேசி இப்போது லொரெய்னின் பையில் இருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. நாற்பத்து மூன்றாவது வரியைப் போலவே இதையும் யோசிக்கவில்லை.

இந்தக் கூடத்தின் வாசலில் லொரெய்ன் என்னை நிறுத்தினார். கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ‘ஆற்று எச்சரிக்கை’ என்று திரையில் இருந்தது.

“இது இப்ப ஏம்மா வருது?” என்று கேட்டார்.

வாசலில் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, லொரெய்ன். இவ்வளவு நேரமும் உங்களுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.